பெல்ற் தெரியவேணும்

கிளாஸ்கோவிலிருந்து வந்த பெட்டியில்
சொக்லேற், பிள்ளைகளின் சப்பாத்து,
சாம்பல் நிறத்தில் ஒரு சுவெற்றர்.
எல்லாவற்றுக்கும் அடியில்
பச்சையும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட கம்பளி,
பின்பக்கம் முழுக்க மடிப்பு.
தூக்கிப் பார்த்தால் ஈரச்சாக்குப் பாரம்.
"பாவாடை" என்றாள் சுதாமதி,
தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள்,
என் மடியில் எறிந்தாள்.

மச்சான் இராசமனோகரன் வொயிஸ் போட்டிருந்தான்:
பாவாடை எண்டு சொல்லிப்போடாதேங்கோ,
இங்க அடி விழும்.
என்ர கலியாணத்துக்குக் கட்டினது,
இப்ப வண்டி விடுகுதில்லை.
மடிப்பு பின்னுக்கு, தட்டை முன்னுக்கு.
சுவெற்றர் நீளமெண்டால் உள்ளுக்கு மடியுங்கோ,
பெல்ற் தெரியவேணும்.
முழங்காலுக்கு நடுவில முடியவேணும்,
அதுதான் அளவு.

அவன் போனபோது
எனக்கு இரண்டு முழங்காலும் இருந்தன.

சாரம் நல்ல உடுப்பு.
கணுக்கால்வரை வரும்,
கேள்வி கேட்க விடாது.
முடிச்சுக்குள் போன், மாற்றிய காசு,
இரண்டு பனடோல்.
பெல்ற் எதற்கு?

கடைசியாக ஒரு பெல்ற்றைக் கழற்றியது
வட்டுவாகலில், இடுப்பளவு தண்ணீரில்.
கொளுக்கியைத் திறக்க விரல் மறந்துவிட்டிருந்தது.
எனக்கு முன்னால் போனவர்கள்
கழற்றிப் போட்டவை சேற்றில் கிடந்து
இருந்த ஒற்றைப் பாதத்தில் தட்டுப்பட்டன,
விலாங்கு விலாங்காய்.

முத்தையன்கட்டில் தை மாதப் பனி
வாய்க்கால் வழியாக நடந்து வந்து
காவல் கொட்டிலுக்குள் ஏறும்.
கதிர் பால் கட்டும் நேரம்.
காட்டுக்கரைக்கு யானை வரும் நேரமும் அதுதான்.
சாரத்துக்குள் குளிர் புகுந்தால்
பிளாஸ்ரிக் காலுக்கு ஒன்றுமில்லை,
அது தொடங்குகிற இடம்தான் கடுக்கும்.

மூன்றாம் இரவு அதைக் கட்டினேன்.
மச்சானின் பழைய இடுப்பு, என் இடுப்பு அல்ல;
வழுகியது.
சணல் கயிறு இறுக்கினேன், அறுத்தது.
பிறகு, வேறு வழியில்லாமல்,
பெட்டியில் கிடந்த அகலப் பெல்ற்.
டிக்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
சுவெற்றரை இழுத்து
அதன்மேல் விட்டேன்.

பக்கத்து வயல் நேசதுரை
வரம்பில் வந்து ரோச் அடித்தான்.
"எந்த நாட்டு ஆமியடா நீ?"
சிரித்தான். பிறகு சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல்
நின்றான்.
வெளிச்சம் கீழே இறங்கியது,
மண்ணிறப் பூச்சு உரிந்த கெண்டைக்காலில்
கொஞ்ச நேரம் இருந்தது.
"மூட்டு நோ எண்டெல்லோ சொன்னனீ."
ஒன்பது வருசமாய்ப் பக்கத்து வயல்.
"மூட்டும் நோகிறதுதான்" என்றேன்.

அப்போதுதான் வாழைப்பக்கம் முறியும் சத்தம்.
யானை வெடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ஓடினேன் என்றால் என் ஓட்டம்,
ஒரு தப்படி, ஒரு உந்தல்.
சாரமென்றால் ஒரு கை மடிப்புக்குப் போய்விடும்.
அன்றைக்கு இரண்டு கையும் என்னிடம் இருந்தன:
ஒன்றில் வெடி, ஒன்றில் நெருப்பு.
மடிப்புகள் பின்னால் அடித்துக்கொண்டு வந்தன,
கோழி செட்டை அடிப்பதுபோல.
முதல் வெடி ஈரம். இரண்டாவது வெடித்தது.
யானை அவசரப்படவில்லை.
ஒரு வாழைக்குட்டியை வாயில் வைத்தபடி
திரும்பிப் பார்த்தது.
எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்று தெரியாது.

விடியப்புறம் நேசதுரை படம் எடுத்தான்.
சுதாமதி அதைத் தம்பிக்கு அனுப்பினாள்.
பத்து நிமிசத்தில் பதில்:
எல்லாம் சரி அத்தான்,
சுவெற்றர் வெளியில நிக்குது.
பெல்ற் தெரியேல்லை.

காலைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை.

இன்றிரவும் கட்டியிருக்கிறேன்.
நேசதுரை பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருகிறான்,
ரோச்சை நேராக முழங்காலுக்கு அடித்து
வரம்பு வழுக்கும் பார் என்கிறான்.
சுவெற்றர் வெளியேதான்.
அதற்குக் கீழே கொளுக்கி
வயிற்றில் குளிர்ந்து,
பிறகு மெல்லச் சூடாகிறது.