வழி ஆரியங்காவு

உறைக்குள் ஒன்றுமில்லை.
தென்காசியில், பழைய பேப்பர் எடைக்கு எடுக்கும் கடையில்
கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே
தட்டையாகக் கிடந்தது. இருபது ரூபாய் என்றேன்.
கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

விலாசம் செங்கோட்டை, வட்டிக்கடை.
பெயரைக் கரையான் எடுத்துக்கொண்டுவிட்டது.
முத்திரை பாதிதான் விழுந்திருந்தது:
திருவிதாங்கூர்ச் சங்கு, அதன் கீழ் மலையாள எழுத்தில்
கூட்டிக் கூட்டிப் படித்தால்
...தாவளம்.

தாவளம் என்றால் பொதிமாடுகள் மூச்சு வாங்குமிடம்.
அந்த மலைப்பாதையில் அப்படி எத்தனையோ.

தாலுகா ஆபீஸில் "அது அந்தப் பக்கம் சார்" என்றார்கள்.
புனலூரில் "அது நிங்ஙளுடெ பாகத்தா" என்றார்கள்.
ஐம்பத்தாறில் எல்லை பிரித்தபோது
இரண்டு தரப்பும் அதை
மரியாதையாக மற்றவருக்கு விட்டிருக்க வேண்டும்.

ஷைலஜா என்ற கிளார்க்தான் பீரோவுக்கு மேலிருந்து
ஒரு பேரேட்டை இறக்கித் தந்தார். தும்மிக்கொண்டே.
கொல்லம் ஆயிரத்து எண்பத்தேழு முதல் தொண்ணூற்றொன்பது வரை.
அட்டை இல்லை. அஞ்சல் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும்
'தாவளம்' என்று மட்டுமே எழுதியிருக்கிறார்.
ஊரில் இருப்பவன் ஊரின் முழுப்பெயரை எதற்கு எழுதுவான்?

மாத வரவு பதினொரு சக்கரம், ஆறு காசு.

பொதிமாட்டு மீரான் ராவுத்தருக்கு மாதம் ஒரு கடிதம்.
கரிமூட்டத்து வெள்ளத்துரைக்குப் பன்னிரண்டு வருஷத்தில்
ஒன்றுகூட வரவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம்
அவன் பெயர் இருக்கிறது:
கைநாட்டு வைத்தவர்களுக்கெல்லாம் சாட்சி அவன்தான்.
அவனுடைய 'ள்' கடைசியில் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

மூன்றாம் லயன் மரியசந்தனத்துக்குக்
கோட்டாற்றிலிருந்து பதிவுத் தபால்.
வாங்க மறுத்தாள்.
வாங்க மறுத்தாள்.
அடுத்த தையில் மறுபடி, வாங்க மறுத்தாள்.
ஐந்தாவது தடவைக்கு நேராகப் பெருவிரல் ரேகை,
மை அதிகம் தொட்டு, அழுத்தி வைத்தது.
என்ன இருந்ததோ. யார் அனுப்பியதோ.
நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

தொண்ணூற்றொன்பது, கர்க்கடகம் இரண்டு. நமக்கு ஆடி.
'ஓட்டக்காரன் வரவில்லை.'
மூன்று. 'ஓட்டக்காரன் வரவில்லை.'
நான்கில் தேதி மட்டும்.
அதற்குப் பிறகு வேறு கை, வேறு மை:
பை ஒன்று, மணி கட்டிய கோல் ஒன்று, முத்திரை ஒன்று
ஆரியங்காவில் ஒப்படைக்கப்பட்டன.
ஆட்களுக்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.
வெள்ளம் கொண்டுபோனதா,
நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு
அவர்களாகவே இறங்கிப் போனார்களா,
பேரேடு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை
செங்கோட்டையில் புனலூர் பஸ் ஏறினேன்.
ஆரியங்காவு ஒன்று என்று கேட்டேன்.
இரண்டு ரூபாய் சில்லறை குறைந்தது.
கண்டக்டர் சலித்துக்கொண்டு, ஒரு ஸ்டேஜ் முன்னால
எறங்கிக்கோ, நடக்கிற தூரம்தான் என்று
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
எந்திரத்தில் இடம் போதாமல்
வால் வெட்டுப்பட்டிருந்த பெயர்:
சங்கிலித்தா

பர்ஸில் இருந்த உறையை எடுத்துப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலையும் வாலும்.

"இங்க யாரு இருக்காங்க?"
"ஆருமில்ல. இங்கேர்ந்து ரெண்டு ரூபா ஏறும், அவ்வளவுதான்."

இறங்கினேன். தேக்கு, ஒரு ஓடைப்பாலம்,
பாலத்தின் கைப்பிடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண்.
அடுத்த பஸ் ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து.
அதுவரை சங்கிலித்தாவளத்தின் ஜனத்தொகை ஒன்று.

மழை பிடித்துக்கொண்டது.
என் குடை
புனலூருக்குப் போய்க்கொண்டிருந்தது.