வெட்டிய ஓரம்

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சீட்டு கேட்டார்கள்.
பெயர்: ஃப்ளோரா சவரிமுத்து.
ஊடகம்?
"கலப்புன்னு போட்டுடலாம்" என்றார்
துய்மா வீதிக் கலைக்கூடத்துக்காரர்.

கலப்புதான்.
மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகத்து எதிர்ச்சந்து,
பிலோமினா ஜெராக்ஸ் அண்டு லேமினேஷன்.
சூடேறப் பத்து நிமிடம் கேட்கும் எந்திரம்.
அந்தப் பத்து நிமிடமும்
சாதிச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும்
ஒரே பெஞ்சில் காத்திருக்கும்.

ஆறாவது படிக்கையில் ஒரு தும்பியை உள்ளே விட்டேன்.
உருளை சிக்கிப் புகைந்தது.
அம்மா அடிக்கவில்லை.
கடன் நோட்டை எடுத்து எழுதினாள்:
ஃப்ளோரா, தும்பி, பதினைந்து ரூபாய்.
மறுவாரம் பூவரசம்பூ,
துடைத்த கூலியோடு இருபத்திரண்டு.
அப்பாவுக்கு சிப்காட்டில் சாயக் கம்பெனி.
அந்த வாரம் எந்த நிறம் ஓடுகிறதென்று
அவர் காலர் சொல்லும்.
காலரையும் வெட்டி விட்டேன்.
சட்டைக்கு நூற்றெண்பது.

பிறகு புதுச்சேரிக்கு நாலு வருடப் பஸ்,
பாதி நாள் தவளக்குப்பம் வரை நின்றபடி.
பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை
புதுக் கதவைப் பழசாக்குவது.
டீ டிகாக்‌ஷன், ஷூ பாலிஷ், சங்கிலியால் நாலு அடி:
ஒரு மதியத்தில் இருநூறு வருஷம்.
விடுதிக்கு வந்தவர்கள் அதில் சாய்ந்து
படம் எடுத்துக்கொண்டார்கள்.
மூன்று வருடம் அந்தப் பொய்யை ஒழுங்காகச் செய்தேன்.
கை பழகியது அங்கேதான்.

தானே புயல் கூரைத் தகரத்தைக் கொண்டுபோன காலை
கடையில் காகிதமெல்லாம் கூழ்.
பிஸ்கட் டப்பா மட்டும் பரணில் தப்பியிருந்தது.
உள்ளே, பணம் கட்டிவிட்டு வாங்க வராதவர்களின்
நாற்பத்தொரு சான்றிதழ்கள், சுருக்கம்கூட இல்லாமல்.

கொடும்மா, என்றேன். இதுதான் என் படம்.
"தொடாதே. வந்து கேப்பாங்க."
பன்னிரண்டு வருஷமா வராதவங்க.
"புயல் அடிச்சிருக்கு. இப்பத்தான் தேவைப்படும்."

பிறகு பரணின் மூலையிலிருந்த சாக்கைக்
கம்பால் தள்ளிவிட்டாள்.
வேணும்னா இதை எடு.

இருபது வருடத்து ஓரங்கள்.
விரல் நக அகலம், கண்ணாடி நிறம்.
சிலதில் கத்தரி தவறி
ஒரு கையெழுத்தின் வால்,
ஊதா முத்திரையின் கால் வட்டம்.

எட்டடிக்கு ஐந்தடி. ஒட்டி முடிக்கப் பதினாலு மாதம்.

திறப்பு நாளில் கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்தாள்.
எல்லோரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்கள்.
அவள் மூக்கு உரசுமளவு போனாள்.
"இது கூத்தப்பாக்கம் வி.ஏ.ஓ. சீலு.
அவருக்கு மை எப்பவும் ஒரு பக்கம்தான் பிடிக்கும்."

படம் விற்றது. நோட்டுக் கணக்கை அடைத்தேன்.
இரண்டாயிரத்து நாற்பதையும் எச்சில் தொட்டு எண்ணினாள்,
ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டாள்.
தும்பிக்கு மட்டும் போடவில்லை.
கேட்டேன்.

"அது இன்னும் பழைய உருளையிலதான
ஒட்டிக்கிட்டிருக்கு."