விருப்ப வரிசையில் ஐந்து

படிவம் ஐந்து பெயர் கேட்கிறது.
நாங்கள் மூன்று பேர்.
வேலந்தாவளம் சோதனைச்சாவடியை இழுத்து மூடியபின்
லாரிச் சீட்டுகளில் முத்திரை குத்திய என் கை
சும்மா இருக்க மாட்டாமல் எழுதத் தொடங்கியது.
ஹபீபுல்லா ராவுத்தருக்குத் தவிட்டுக்கடை.
கன்னே போர் நடந்த தேதி தெரியும் அவருக்கு,
கடன் வாங்கிப் போனவன் பெயர் மறந்துவிடும்.
ஜெசிந்தா கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டீச்சர்.
பதினாறு ஆள் ஆழம், பதினெட்டு அடி ஈட்டி,
முதல் ஆளுக்கு முன்னால் எத்தனை முனை நீளும்?
ஐந்து, என்பாள், விரல் மடக்காமல்.

பண்டைக் கிரேக்கர், ரோமர் போர்முறை குறித்துத்
தமிழில் ஒரு காலாண்டிதழ்.
இருநூறு பிரதி.
யார் வாங்குவார்கள் என்று கேட்டால்
"புண்ணாக்குக்கு வருகிறவன் தலையில் கட்டுவேன்"
என்பார் ராவுத்தர்.

முதலில் 'தும்பை' என்று அனுப்பினோம்.
இரு படையும் வெட்டவெளியில் நேர்நிற்கச் சூடும் பூ.
சித்த மருத்துவ மாத இதழ் ஒன்று
ஏற்கெனவே சூடியிருந்தது.
'நொச்சி' என்றேன். மதில் காப்பவர் பூ.
"ஆவி பிடிக்கவா?" என்றாள் ஜெசிந்தா.
அத்தோடு போயிற்று.
'கேடயம்' ஆண்டுவிழாவில் கபடிக்குக் கொடுப்பது.
'யவனம்' என்று தெளிவாகத்தான் எழுதினோம்.
'யௌவனம் என்னும் தலைப்பு
அழகுக்கலை இதழுக்கு வழங்கப்பட்டுவிட்டது'
எனத் தபாலில் பதில் வந்தது.
ஒரு வாரம் பேசவில்லை ராவுத்தர்.
இந்தக் கணவாய் வழியாகத்தானே வந்தது யவனப் பொன் என்பார்,
சாட்சிக்கு ஆள் வருவதுபோல் மேற்கே பார்ப்பார்.
மேற்கிலிருந்து கள்ளு வண்டி வரும்.

சுகுணன் அச்சகத்தில்
புதுப் படிவத்தோடு உட்கார்ந்த மதியம்
இடவப்பாதி மழை.
பூனையோ காற்றோ,
கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து
ராவுத்தர் தொப்பிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து நொறுங்கியது.

"பிர்ரஸ்!" என்று கத்தினாள் ஜெசிந்தா.
பயந்த வாயில் மாதாவே என்று வந்திருக்கலாம்,
இதுதான் வந்தது.
யானைகளோடு இத்தாலிக்குப் போய்
ரோமரை வென்று வென்றே தேய்ந்தவன்
ஆர்கோஸ் நகரத்துச் சந்தொன்றில்
ஒரு தாய் எறிந்த ஓட்டில் சாய்ந்தான்.
தன் மகன் பக்கம் அவன் திரும்புவதைக்
கூரைமேலிருந்து பார்த்தாளாம்.
இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்தாளாம்.
அவனுக்கு வம்சாவளி இருக்கிறது, நாணயம் இருக்கிறது.
அவள் பெயரைக் கேட்டு எழுதியவர் இல்லை.

உடைசலை ஒதுக்கிவிட்டு
முதல் கட்டத்தில் எழுதினேன்:
ஓடு.

"ஓடிப்போகச் சொல்கிறீரா?" என்றார் ராவுத்தர்.
அதுவும்தான் என்றேன்.
கேடயத்தைப் போட்டுவிட்டுப் பிழைத்தவன் கதைக்கும்
நாலு பக்கம் ஒதுக்க வேண்டாமா?
ஜெசிந்தா விடைத்தாள் கட்டைத் தலைமேல் கவிழ்த்து
குனிந்து இரண்டடி நகர்ந்து காட்டினாள்:
மதிலடிக்கு ஊரும் ரோமானிய ஆமை.
சுகுணன் இயந்திரத்தை நிறுத்தாமலே
"ஓடுன்னு பறஞ்ஞா ஞங்கள்க்கு வெங்கலம் கூடி ஆணு, சாரே."

வெண்கலம்!
ராவுத்தர் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.
தலைச்சீரா, மார்க்கவசம், முழங்கால் காப்பு
எல்லாம் ஒரே நேரத்தில் அவர் கண்ணில் மின்ன
மிச்சமிருந்த நான்கு கட்டத்திலும் அதையே எழுதினார்.
ஓடு ஓடு ஓடு ஓடு.
தோற்ற படைக்குத் தளபதி கூவியதுபோல் இருந்தது.

"ஐந்தும் ஒன்றானால் தள்ளுபடி செய்வார்கள்"
என்றாள் ஜெசிந்தா.
ஒழுகுமிடத்தில் சுகுணன் வாளி வைத்தான்.
அவள் வேறு படிவம் எடுத்து
முதலில் ஓடு என்று எழுதினாள்,
தும்மினாள்,
இரண்டாவதில் நொச்சி.