தெரியாது

என் நாத்தனாருக்கு எல்லாம் தெரியும்.
எந்தக் கூடை வவ்வால் நேற்றையது,
எந்த ஆட்டோக்காரன் மீட்டரில் கைவைத்திருக்கிறான்,
என் குழம்பில் புளி ஏன் முந்திக்கொள்கிறது,
நான் எப்போது குளியலறையில் அழுகிறேன்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
அமலோற்பவம் அண்ணி வாயிலிருந்து
தெரியாது என்றொரு சொல் நான் கேட்டதில்லை.

எழும்பூரில், மூன்றாம் மாடியில்
டாக்டரம்மா அதைச் சொன்னார்.
எங்க புள்ளைக்கு ஏன் என்று கேட்டது அண்ணிதான்.
மணலிக் காத்தா, லாரித் தண்ணியா,
இல்ல இவ மாசமா இருந்தப்ப
கண்டதைத் தின்னாளே, அதுவா?
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
"தெரியாதும்மா. இன்னும் கண்டுபிடிக்கல."
அண்ணி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
மீதிச் சில்லறை தராத கண்டக்டரைப் பார்ப்பதுபோல.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
காசிமேட்டில் ஏலக் கூச்சல் ஏறிவிட்டது.
நாற்பத்தி நாலு வயசு, முட்டி வலி,
பர்மா பஜாரில் பேரம் பேசிய ஷூ,
சுடிதார் பேண்ட்டின் மேல் தொளதொள மஞ்சள் பனியன்.
முதுகில் முந்நூற்றுப் பதினெட்டு.
ஊக்கு குத்தியது நான்.
தோலில் ஏறிவிடக் கூடாதென்று
விரலை உள்ளே கொடுத்துக் குத்தினேன்.
வேர்த்திருந்தாள், ஓடுவதற்கு முன்பே.

ஒரு மாதமாக அந்தக் கோடுபோட்ட நோட்டை
நீட்டாத ஆளில்லை.
ஐஸ் பாக்டரி மேஸ்திரி ஐநூறு.
கேரம் கிளப் பசங்க ஆயிரத்து நாற்பது,
அத்தனையும் நாணயம்.
எந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் என்றார்கள்.
எந்தப் புள்ளைக்கும் இல்ல, ஆராய்ச்சிக்கு என்றாள்.
ஆராய்ச்சிக்கா?
பாக்கெட்டுக்குள் போன கை
பாதிப் பேருக்கு வெறுமனே வெளியே வந்தது.
அவர்களுக்கு ஒரு முகம் வேண்டும்.
ரெனிட்டாவின் மொட்டைத்தலைப் படம்
அண்ணி போனில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.
ஒருத்தருக்கும் காட்டவில்லை.

கடைசிப் பக்கத்தில், வேறு மையில்:
காதர் பாய், இருநூறு.
அடுத்த கட்டில் ரியாஸின் அப்பா.
அந்தக் கட்டிலுக்கு ரம்ஜானுக்கு முன்பே
வேறு பிள்ளை வந்துவிட்டது.
தொகைக்குத்தான் கட்டம் உண்டு, நோட்டில்.

எண்ணூர் விரைவுச் சாலை.
வாலும் தலையுமாய் கன்டெய்னர் லாரிகள்,
கிளீனர் பையன் பல் தேய்த்துக்கொண்டே
இவர்கள் ஓடுவதை வேடிக்கை பார்க்கிறான்.
ஒரு பக்கம் கருங்கல்லில் அலை, மறுபக்கம் டீசல் புகை.
எந்தக் காற்றைச் சந்தேகப்பட்டாளோ
அதையே வாய் திறந்து இழுத்துக்கொண்டு
திருவொற்றியூர் போய்த் திரும்பி ஓடிவருகிறாள் அண்ணி.

ஓடி என்பது மரியாதைக்கு.
"அத்தை நடக்குதும்மா" என்கிறாள் ரெனிட்டா.
இவளுக்கு முடி மறுபடி வந்திருக்கிறது,
முன்பு நேர்முடி, இப்போது சுருட்டை.
தண்ணீர் பாக்கெட்டின் முனையை
அவசரப்பட்டுக் கடித்துவிட்டாள்,
பாதி சட்டையில்.
வருகிற புதனன்று ரத்தப் பரிசோதனை.

எல்லாரும் பதக்கத்தோடு இட்லி தின்னும் நேரத்தில்
அண்ணி கோட்டைத் தாண்டினாள்.
கைதட்ட நாங்கள் இரண்டு பேர்,
வாழைப்பழத் தோல் பொறுக்கும் ஒரு அக்கா.
மிச்சத் தண்ணீரை நீட்டி மகள் கேட்டாள்:
"இந்தக் காசுல கண்டுபிடிச்சிடுவாங்களா அத்தை?"

அண்ணி குடித்தாள்.
ஷூவைக் கழற்றினாள், குதிகால் உரிந்திருந்தது.
கடலைப் பார்த்தாள், பிறகு லாரியை.
"தெரியாதுடி" என்றாள்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகையில்
ஷேர் ஆட்டோக்காரனோடு பத்து ரூபாய்க்குச் சண்டை.
கல்மண்டபம் சிக்னல் வரைக்கும் விடவில்லை, ஜெயித்தாள்.
மடியிலிருந்து நோட்டை எடுத்து
அந்தப் பத்தையும் எழுதச் சொன்னாள்,
என் பேரில்.