பச்சை, பழுப்பு, வெள்ளை

மூன்றாம் நாள் சாயங்காலம்
அபூனா தாவீத் தூபக்கலசத்தோடு வந்தார்.
எங்கள் படிக்கட்டு முழுக்கச் சாக்குமூட்டைகள்;
பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற வேண்டும்.
அங்கியைப் பிடித்துக்கொண்டு அவரும் அப்படியே ஏறினார்.
முக்கத்தம் மலையடியில் எல்லா வீடும் இப்படித்தான்.
கீழே கெய்ரோவின் குப்பை,
அதற்கு மேலே நாங்கள்,
எங்களுக்கும் மேலே பாறையைக் குடைந்த கோயில்.

ஃபெப்ரோனியாவின் ஆவி வீட்டைவிட்டுப் புறப்படும் நாள் அது.
தண்ணீர் தெளித்தார். ஜெபித்தார்.
துக்கமும் பெருமூச்சும் தலைதெறிக்க ஓடிப்போன ஊருக்கு
அவள் போகிறாள் என்றார்.
அங்கே தெருவெல்லாம் பொன்னாம்,
கண்ணாடிபோல் தெளிந்த பொன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இழவு வீடு; சிரிக்கக் கூடாதுதான்.
ஆனால் ஓரகத்திகள் நாங்கள் இருவரும்
இருபத்தாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து
சண்டை போட்டபடி பிரித்தது கண்ணாடியைத்தானே.
பச்சை, பழுப்பு, வெள்ளை.
கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே
நிறம் சொல்லிவிடுவேன் என்பாள்.
நான் நம்பாமல் ஒருநாள் சோதித்தேன்.
ஏழில் ஐந்து சரி.
அவளைக் கண்ணாடித் தெருவில் நடக்கச் சொன்னால்
முதலில் செருப்பைத்தான் தேடுவாள்.

இரவே கிடையாது அங்கே என்றார்.
அப்படியானால் மூன்று மணி வண்டி
யாரை எழுப்பும்?
அவள் தூங்குவாளா, அதைச் சொல்லுங்கள்.

தீட்டுள்ள எதுவும் அந்த வாசலைத் தாண்டாது என்றும் வாசித்தார்.
வாசிக்கையில் அவர் பார்வை
சாக்குகளைத் தொட்டுவிட்டு மீண்டது.
மூன்று நாளாய் வாய் திறக்காத வக்கீம்,
அவள் புருஷன், கேட்டான்:
"வாசலில் நிறுத்திக் கையை முகர்ந்து பார்ப்பார்களா, அபூனா?"

எலுமிச்சைக்கும் சோடாவுக்கும் போகாத வாடை அது.
நான்கு வருஷம் முன்பு
ஆஸ்பத்திரிக் குப்பையிலிருந்து ஓர் ஊசி
அவள் கட்டைவிரலில் இறங்கியது.
அன்றைக்கும் அதே வாடைதான்,
ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவே.
துணியில் துடைத்துவிட்டு மிச்ச மூட்டையைப் பிரித்தாள்.

அபூனா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.
உள்ளே போத்தல்கள் முனகின.
"தெரியாது, வக்கீம்.
உயிர்த்தெழுந்தவருடைய கையில்
ஆணித் துளை அப்படியே இருந்தது.
எனக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான்."
தேநீர் குடித்தார். போய்விட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
புதுப் பொருள்கள் செய்வேன் என்றா
அவர் வாக்குக் கொடுத்தார்? இல்லையே.
இருப்பதையெல்லாம் புதிதாக்குவேன் என்றல்லவா?
அந்தத் தொழில் எங்களுக்குத் தெரியும்.
உடைசல் உலைக்குப் போகும், போத்தலாய்த் திரும்பும்.
ஆனால் உலைக்குள் எது யாருடைய உடைசல்?
எல்லாம் ஒரே குழம்பு.
அது வேண்டாம் எனக்கு.
ஒளியில் கரைந்துபோன ஏதோ ஒன்றோடு
நான் எப்படிச் சண்டை போடுவது?
அவள் வேண்டும், அவளாகவே.

வலது மணிக்கட்டில் பச்சைச் சிலுவை அவளுக்கு.
குத்தும்போது ஏழு வயது; திமிறினாளாம்.
ஒரு பக்கம் கோணிக்கொண்டது.
ஆண்டவரே, கல்லீரலைப் புதிதாய்க் கொடும்.
முதுகு வலியை எடுத்துவிடும்.
கோணலில் மட்டும் கை வைக்காதேயும்;
கூட்டத்தில் நான் அவளை எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

மூன்று மணிக்கு வண்டி வந்தது.
மூட்டையை அவிழ்த்தேன்.
எதிரே அவள் பலகை, யாரும் உட்காராமல்.
கண்ணை மூடிக்கொண்டு ஒரு போத்தலைத் தட்டினேன்.
பழுப்பு என்றேன், சத்தமாகவே.

திறந்து பார்த்தால்
பச்சை.