தேவகோட்டை பக்கத்தில் வந்திருந்தது

"தேவகோட்டை பக்கத்துல வந்திருச்சு" என்றார்
மாட்டு டாக்டர் உமையாள்,
சாவியை என் மேசையில் போட்டு.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
காரைக்குடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இருந்த ஊர்
ஒரு மாதமாய்ப் பதினாறரைதானாம்.
பயணப்படி பாரத்தை வாங்கும் கிளார்க்
போன மாதக் கணக்கையும் இதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
அவர் முகத்தைப் பார்க்கிறாராம்.

டயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.
ஐப்பசி மழையில் நேமத்துக் கண்மாய்க்கரையில்
அச்சு வரை புதைந்த ஜீப்பை
டிராக்டர் கட்டி இழுத்த மறுநாளே
யானைக்கால் மாதிரி நான்கு
வாங்கி மாட்டியிருக்கிறார்.

கியர்பாக்ஸுக்குக் கண் கிடையாது.
பனைமரங்கள் பின்னால் போவது தெரியாது.
தண்டு எத்தனை சுற்று சுற்றியது,
அது மட்டும் தெரியும்.
சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று
என்றோ தொழிற்சாலையில் ஒருவர் சொன்னதை வைத்து
இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறது.
முள் அறுபது காட்டும்போது
சாலையில் அறுபத்தைந்து.
குன்றக்குடி ஏற்றத்தில்
மூன்றா நான்கா, மூன்றா நான்கா என்று
கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்காருவதென்று
இலைக்கும் வாசலுக்கும் நடக்கிறவனைப் போல.

கம்பெனிப் புத்தகம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து என்றது.
புத்தகத்து டயர் பாரம் சுமப்பதில்லை.
"ஏறி உட்காருங்க, உங்க எடையும் வேணும்."
மருந்துப் பெட்டி, கயிறு, சினை ஊசி நைட்ரஜன் கேன்
எல்லாம் இருந்த இடத்திலேயே.
டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு.
செபஸ்தி தள்ளினான், ஒரே ஒரு சுற்று.
டேப்பைப் பிடித்துப் பார்த்தால்
இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
லேப்டாப்பில் பழைய எண்ணை அழித்து
அதை எழுதினேன்.

உண்மை சொன்னதும் வண்டி இன்னும் கெட்டது.

இப்போது தன் வேகம் அதற்குத் தெரியும்.
தெரிந்ததால் அவசரப்பட்டது.
அமராவதிபுதூர் தாண்டுவதற்குள்
நான்காவது கியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இன்ஜின் முக்க முக்க
இறங்க மாட்டேன் என்றது.
டாக்டர் என்னைப் பார்த்த பார்வை
அந்தக் கிளார்க்கின் பார்வையாகத்தான் இருக்க வேண்டும்.

புளியமரத்தடியில் நிறுத்தி
மடியில் லேப்டாப்பை வைத்து
ஒவ்வொரு கட்டமாய்த் தள்ளினேன்:
இரண்டிலிருந்து மூன்று, கொஞ்சம் பொறு.
மூன்றிலிருந்து நான்கு, இன்னும் கொஞ்சம்.
எண்ணெய் அழுத்தத்தில் துளி கூட்டினேன்.
பெரிய காலைத் தூக்க
இடுப்பில் பிடி வேண்டும்.

கடைசியில் ஒரு பொத்தான்.
"கத்துக்கிட்டதை மறக்கச் சொல்றது" என்றேன்.
"எல்லாத்தையுமா?"
"உங்க கால் மிதிக்கிற விதத்தை மட்டும்."
அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்குக்
கன்று குறுக்கே நிற்கிறது என்று போன் வந்தால்
எப்படி மிதிப்பார் என்று
இந்த உலகத்தில் அறிந்தது
அந்த இரும்புப் பெட்டி ஒன்றுதான்.
பிறகு, "சரி, அழிங்க" என்றார்.

மூன்றாம் நாள் போன் செய்தார்.
வண்டி புது கம்பவுண்டர் மாதிரி
சொன்னால்தான் செய்கிறதாம்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு சின்ன உதறல் மிச்சம் இருக்கிறதாம்.
உதறலுக்கு என்னிடம் பதில் இல்லை.
மற்றதற்கு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க,
உங்களைப் படிச்சுக்கும் என்றேன்.

"தேவகோட்டை?"
"பழைய இடத்துக்கே போயிருச்சு."
பின்னால் ஒரு மாடு கத்தியது.
போனைத் துண்டிக்காமலே
பையில் போட்டுவிட்டார் போல,
வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தை
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.