அரைப்பட்டாணிக் கணக்கு

புத்தாண்டு மேசைக்கு வாங்கிய மீன்
பதின்மூன்று நாள் தாங்கினால் அதிகம் என்றான் கடைக்காரன்,
பையின் வாயில் ரப்பர் வளையத்தைச் சுற்றியபடி.
தப்ரீஸில் இது மூன்றாவது பனிக்காலம்.
மொட்டைமாடியில் பனி தள்ளும் மண்வெட்டிச் சத்தம்.
அது இருக்கிறது.
பெயர் வைத்தால் செத்துவிடுமோ என்று முதல் மாதம் பயந்தேன்.
பிறகு, வைக்க மறந்துபோயிற்று.

செருப்புப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பகலெல்லாம் குதிகால், தோல், பசை, பாக்கி.
மாலையில் ஒரு தேநீர்க் குவளை, ஒரு கரண்டி,
நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கிய சிவப்பு வளையல்,
தோலுரித்த பட்டாணி, பாதி.

குவளையில் இரண்டு தட்டு. பிறகு பட்டாணி.
முதல் வாரம் சத்தம் கேட்டதும்
கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய்க் கிடந்தது.
இரண்டாம் வாரம் தட்டுவதற்குள்
மேலே வந்து வாயைத் திறந்தது.
பத்தொன்பதாம் நாள்
வளையலுக்குள் மூக்கை மட்டும் நுழைத்து, யோசித்து, பின்வாங்கியது.
அதற்குக் கால் பட்டாணி கொடுத்தேன்.
கஞ்சத்தனம் இல்லை,
முன்பணம்.

மீனுக்கு ஞாபகம் மூன்றே நொடி என்றான் பட்டறை ரஹீம்லு.
வசந்தத்தில் என்னிடம் வாங்கிய கடன்
அவனுக்கு இலையுதிர் காலம்வரைகூட நினைவில்லை.
என் மீனுக்கோ
சாவி திரும்பும் ஓசை தெரியும்,
பக்கத்து வீட்டுக்காரியின் கோட்டு என் கோட்டு அல்ல என்று தெரியும்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரே நின்றால்
ஒரு கணம் தயங்கும்,
வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பவர்போல.

பிறகு வீட்டுக்காரர் ஜவான்ஷீர் வந்தார்,
வாடகை பேச.
எங்கள் ஊரில் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு
அதன்மேல் தேநீரை ஓடவிடுவோம். கலக்குவதில்லை.
இவர் ஹாம்பர்க்கில் இருபது வருடம் கம்பளம் விற்றவர்.
கரண்டி கேட்டார்.
கிணிங், கிணிங் என்று கலக்கிக்கொண்டே
“விலைவாசி தெரியும்தானே, சோல்மாஸ் ஹானும்” என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால்
மீன் வளையலுக்குள் பாய்ந்தது.
மேலே வந்து வாயைத் திறந்தது. ஒன்றுமில்லை.
திரும்பிப் போய் மறுபடி பாய்ந்தது.
கிணிங். வாயு வரி.
கிணிங். குழாய் பழுது.
கிணிங். மகளின் படிப்பு.
நான் தலையாட்டிக்கொண்டே எண்ணினேன்:
நான்கு, ஐந்து.
ஆறாவதில் செதில் வளையலில் உரசி நூல் ஆடியது.
ஏழாவதில் அது பாயவில்லை, மெல்ல நடந்துபோனதுபோல் போனது,
சம்பளம் வராத மாதத்தில் நாங்கள் பட்டறைக்குப் போகிற மாதிரி.

எழுந்துவிட்டேன்.
“இன்னும் தொகையையே சொல்லவில்லை” என்றார்.
“ஒரு நிமிடம், இது முந்திய பாக்கி” என்று
பனிப்பெட்டியைத் திறந்து
விரல் மரத்துப்போகப் பட்டாணி உரித்தேன்.
“நீங்கள் கூப்பிட்டீர்கள். அது ஏழு தடவை வந்தது.
கொடுக்காவிட்டால் நாளைக்கு யார் கூப்பிட்டாலும் நம்பாது.”

இரைப்பை கிடையாதாம் அந்த இனத்துக்கு,
போட்டால் போட்டதெல்லாம் தின்னும், ஏழு அதிகம்தான்.
ஆனாலும் கணக்கு கணக்கு.
ஜவான்ஷீர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.
ஆறாவது பாதி விழுந்ததும் நான் கையைத் துடைக்க,
“இன்னும் ஒன்று” என்றார்.

வாடகையை ஏற்றத்தான் செய்தார்,
நினைத்து வந்த தொகையில் ஒரு காசு குறைக்கவில்லை.

அடுத்த மாதம் ரசீது எழுதி,
பணத்தை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்த பிறகும்
கிளம்பவில்லை.
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.
கரண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
தொட்டியைப் பார்க்காத மாதிரி
ஜன்னலில் பனியைப் பார்த்தார்.

அவர் படியேறும் சத்தம் கேட்டபோதே
மூன்று பட்டாணி உரித்துத் தட்டில் வைத்திருந்தேன்.
அதைச் சொல்லவில்லை.